'ஈயா' எங்கிருந்து வந்தது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக ஸ்பானிய மொழி படிக்கிறேன். 'இருந்தால் வாங்குவேன்' என்பதில் வரும் 'வாங்குவேன்' போன்ற நிபந்தனை வினைவடிவத்துக்கு வந்ததும் தடுமாறுகிறேன். நிகழ்காலத்தில் 'அப்லார்' என்பதிலிருந்து 'ஆர்' என்பதை நீக்கிவிட்டு விகுதியைச் சேர்க்கச் சொன்னவர்கள், இங்கே மட்டும் முழுச்சொல்லையும் அப்படியே வைக்கச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் "விதி அப்படி" என்கிறார்கள். விளக்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காரணம் உண்டு. அது தெரிந்தால் மனப்பாடச் சுமையும் குறையும்.

முதலில் வடிவங்கள். 'பேச' என்று பொருள்படும் 'அப்லார்' எழுத்துக் குறையாமல் நிற்க, நான் அப்லரீயா, நீ அப்லரீயாஸ், அவன் அல்லது அவள் அப்லரீயா, நாங்கள் அப்லரீயாமோஸ், நீங்கள் அப்லரீயாயிஸ், அவர்கள் அப்லரீயான் என்று வரும். ஆறிலும் அழுத்தம் 'ரீ' மேல்தான். 'சாப்பிட' என்னும் கொமேர், 'வாழ' என்னும் பிபீர் ஆகியவை வேறு வகை வினைகள் என்றாலும், கொமெரீயா, பிபிரீயா என்று இதே விகுதிகளையே ஏற்கின்றன.

முழுவினையின் பின்னால் ஒட்டும் இந்த 'ஈயா' பிறவியில் விகுதியே அன்று. உடைமைப் பொருள் கொண்ட 'ஹபேரே' என்னும் லத்தீன் வினையின் இறந்தகால வடிவமான 'ஹபேபாம்', பேச்சு லத்தீனில் மற்றொரு வினையின் பின்னால் நின்று, தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து இப்படி ஆயிற்று. "எனக்கு அவரிடம் கொஞ்சம் பேச இருந்தது" என்று நாம் சொல்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே அமைப்புதான். அந்த வாக்கியத்தில் 'பேச' என்பதை நாம் வெட்டுவதில்லை, அவர்களும் வெட்டவில்லை.

இது வெறும் ஊகமன்று. இன்றைய ஸ்பானியத்தின் பழைய வடிவமான காஸ்டிலிய மொழியில், சித் என்னும் வீரனைப் பற்றி எழுந்த காப்பியத்தின் தொடக்கத்தில், அரசனின் சினத்துக்கு ஆளாகி நாடுகடத்தப்பட்ட வீரன் பூர்கோஸ் நகருக்குள் வருகிறான். மக்கள் அவனை மனமுவந்து அழைத்திருப்பார்கள், ஆனால் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அந்த இடத்தில் 'கொன்பிதார் லே ஈயென்' என்று இருக்கிறது. 'அழைக்க' என்ற சொல்லுக்கும் விகுதிக்கும் நடுவே 'அவனை' என்ற சொல் அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் அன்று தனித்தனிச் சொற்களாக உணரப்பட்டதால்தான் அந்த இடைவெளி கிடைத்தது. இன்றைய மொழியில் அது 'லே கொன்பிதரீயான்' என்று ஒட்டிப்போய்விட்டது. எனக்கு இந்த வரியைப் படித்த பிறகுதான் விதி மனத்தில் நின்றது.

'கொமீயா' என்றால் 'சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்'. 'கொமெரீயா' என்றால் 'சாப்பிடுவேன், வாய்த்தால்'. நடுவில் உள்ள 'எர்' விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடும் என்பதால், எழுதும்போது முழுவினை நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதில் 'வாங்குவேன்' மட்டுமே இவ்வடிவம் பெறும். 'இருந்தால்' என்ற பகுதிக்கு வேறு வினைவடிவம் உண்டு. அதே பூர்கோஸ் வட்டாரத்திலும் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலும் தாய்மொழியாகப் பேசுபவர்களே இரண்டு இடத்திலும் 'ஈயா' போடுவதைக் கேட்கலாம். அவர்கள் பேச்சை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேர்வுத்தாளில் நீங்கள் அப்படி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

அன்புடன்