டெக்ஸ்ச்சருக்கு முன் சுவரின் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஹாலில் டிவி மாட்டும் சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம், 4-க்கு 4 அடி ஜன்னல் ஒன்று உண்டு. பின்பக்கம் குளியலறை. டெக்ஸ்ச்சர் (மேடுபள்ள வடிவம் தரும் அலங்காரப் பூச்சு) அடிக்கச் சதுர அடிக்கு 85 ரூபாய் வீதம் 10,200 ரூபாய் ஆகும் என்கிறார் கான்ட்ராக்டர். சம்மதிக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அவர் 120 சதுர அடிக்குக் கணக்குப் போட்டிருக்கிறார். ஜன்னலுக்கு 16 சதுர அடியைக் கழித்தால் 104. தொகை 8,840 ரூபாய்தான். பூசாத இடத்துக்கு நீங்கள் ஏன் 1,360 ரூபாய் தர வேண்டும்? டேப்பைப் பிடித்து நீங்களே அளந்து, பட்டி (சுவரைச் சமன்செய்யும் பூச்சு), பிரைமர் (அடிப்பூச்சு), டெக்ஸ்ச்சர், மேல்பூச்சு எல்லாம் அந்த 85 ரூபாயில் அடக்கமா என்பதை எழுதி வாங்குங்கள். "பட்டி தனி" என்ற பேச்சு பாதி வேலையில்தான் கிளம்பும்.

விலையைவிட எனக்குக் கவலை தருவது பின்னால் இருக்கும் குளியலறை. டைல்ஸ் இடுக்கிலும் குழாய் இணைப்பிலும் கசியும் நீர் சுவருக்குள் ஊறி, ஹால் பக்கம் உப்பாகப் பூக்கும்; அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த டெக்ஸ்ச்சரைப் பூசினாலும் அது பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்துவிடும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் வேலையை நிறுத்துங்கள். தூள் இல்லாவிட்டாலும், 2 அடிச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரியுங்கள். உட்புறம் நீர் முத்து இருந்தால் கசிவைக் குளியலறைப் பக்கமிருந்தே சரிசெய்ய வேண்டும். ஹால் பக்கம் மட்டும் டேம்ப் ப்ரூஃப் (ஈரத்தடுப்புப் பூச்சு) அடித்தால் ஈரம் போகாது, மேலே ஏறும். கசிவை அடைத்துப் புதிதாக சிமென்ட் பூசினால் குறைந்தது 28 நாள் காய விடுங்கள். அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டால், டெக்ஸ்ச்சரைக் குளியலறையை ஒட்டாத வேறு சுவருக்கு மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

கான்ட்ராக்டர் ஒரே பிராண்டை வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டர் பணமாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் வைத்து விற்பது நெடுங்காலப் பழக்கம். டப்பாவுக்குப் பணம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு அந்தத் தொகை எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. இதை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் பேசிக் களைத்துவிட்டேன். டோக்கன் பெயின்டருக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது உங்கள் சுவருக்கான பொருளைத் தீர்மானிப்பதுதான் தவறு.

கேட்லாக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் சுவரிலேயே 2 அடிக்கு 2 அடி மாதிரி பூசச் சொல்லி, இரவில் விளக்கைப் போட்டும் பாருங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடுபள்ளம் இரட்டிப்பாகத் தெரியும். ஆழமான வடிவங்களில் தூசி தங்கும் என்பதால் துடைக்கத் தோதான மெல்லிய வடிவமே ஹாலுக்கு நல்லது. டிவி பிராக்கெட், ஸ்விட்ச் பாக்ஸ், ஒயர் எல்லாவற்றுக்கும் துளை போட்டு முடித்த பிறகே பூசச் சொல்லுங்கள். பூசிய பின் உடைத்து ஒட்டுப் போட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும், முழுச் சுவரையும் மறுபடி அடிக்க நேரிடும்.