உப்புக் காற்றில் போட்ட பணம்: கேள்வி பதில்

கடலோரக் கட்டுமானத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாலம், படகுத்துறை, சாலை பற்றிக் கேளுங்கள்.

தங்கச்சிமடம்: புதுப் பாம்பன் பாலத்துக்கு 500 கோடிக்கு மேல் செலவு. எங்களுக்கு என்ன லாபம் ஐயா?

பாலம் இல்லாதபோது என்ன ஆனது என்று பாருங்கள். 1964 புயலில் உடைந்த பழைய பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரனின் குழு 46 நாளில் சரிசெய்தது. ராமேஸ்வரம் தீவுக்கு அப்போது சாலையே கிடையாது; அது 1988-ல்தான் வந்தது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரலில்தான் திரும்ப ஓடியது. அதுவரை மண்டபத்தோடு ரயில் சரி. ஆட்டோக்காரர், லாட்ஜ்காரர், சங்குக் கடைக்காரர் என்று எல்லாருக்கும் வருமானம் அடிபட்டது. பழைய பாலம் 1914-ல் திறந்த இரும்பு, உப்பு தின்றுவிட்டது. புதியதையும் தின்னும். பராமரிப்புக்கு வருடாவருடம் பணம் ஒதுக்க வேண்டும்.

பரமக்குடி: நாலுவழிச் சாலைக்கு யார் பணம்?

ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி. 2025 ஜூலையில் ஒப்புதல் ஆனது. கட்டும்போது அரசு 40 சதவீதம் தரும், மீதியைப் பிறகு தவணையாகத் தரும். அந்த வருடங்களில் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் பொறுப்பு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மண்டபம்: சாலை ஓரம் மனை வாங்கலாமா?

வில்லங்கம் பாருங்கள். கடலோரம் என்றால் ஒழுங்குமுறை விதிகளையும் பாருங்கள்.

பாம்பன்: அண்ணே, பாலத்தைவிட ஐஸும் குளிர்பதனக் கிடங்கும்தானே முக்கியம்?

தங்கச்சிமடம்: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

நீங்கள் சொல்வதில் பாதி நியாயம். விடியற்காலையில் கரைக்கு வரும் இறாலை வைத்திருக்க வழியில்லாமல், கம்பெனி ஏஜெண்ட் சொன்ன விலைக்கே கொடுக்கிறீர்கள். இரண்டு நாள் வைத்திருக்க முடிந்தாலே பேரம் பேசலாம். ஆனால் கிடங்குக்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும், லாரி போகச் சாலை வேண்டும். ஒன்றை விட்டு ஒன்று நிற்காது. கிடங்கின் தகரமும் துருப்பிடிக்கும், மறக்காதீர்கள்.

தொண்டி: மனை விலை ஏறுமா சார்?

மண்டபத்துக்காரரும் மனை பற்றித்தான் கேட்டார். மேலே பாருங்கள்.

கீழக்கரை: எங்கள் படகுத்துறையின் அடியில் காங்கிரீட் உதிர்கிறது.

உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருக்கும், அதுதான் காங்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே சிமெண்ட் பூசி மூடவிடாதீர்கள், உள்ளுக்குள் துரு ஓடும். உதிர்ந்ததைத் தட்டி, கம்பியைச் சுத்தம் செய்து, பிறகுதான் பூச வேண்டும். கம்பி தெரியும் இடத்தைப் படம் எடுத்து, தேதி போட்டு, மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கொடுங்கள்.