நாற்பத்து மூன்றில் சுவர் ஏறலாம், ஒப்பந்தத்தில் மட்டும் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன், நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் அலுவலக வேலை. என் மகளுக்கு (14) பள்ளியில் சுவரேற்றம்தான் இணைப்பாட நடவடிக்கை. அவளோடு இரண்டு முறை போல்டரிங் (கயிறில்லாமல் உயரம் குறைந்த சுவரில் ஏறுவது) கூடத்துக்குப் போய் நானும் ஏறிப் பார்த்தேன். ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் மறுநாள் காலை இரண்டு கை விரல்களையும் மடக்கக் கஷ்டமாக இருந்தது, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. என் கணவர் "இந்த வயசுல இது எதுக்கு?" என்கிறார். கூடத்திலிருந்த பயிற்றுவிப்பாளரோ 10 தனி வகுப்புகள், ஆறு மாத நுழைவு எல்லாம் சேர்த்து 1,680 வெள்ளி, இந்த வாரம் மட்டும்தான் இந்த விலை என்கிறார். விரல் வலி வயதினால் வருவதா? பணத்தைக் கட்டிவிடலாமா?

பதில்: நீங்கள் விரலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்த 1,680 வெள்ளிதான் உறுத்துகிறது. இருந்தாலும் விரலை முதலில் பார்த்துவிடுவோம்.

விரல்களுக்குள் தசை கிடையாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் நீண்டு வந்து ஒவ்வொரு விரலையும் இழுக்கின்றன. அந்த நாண் எலும்பைவிட்டு விலகாமல் இருக்க, விரல் நெடுகச் சிறு வளையங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். இத்தனை வருடம் விசைப்பலகையும் காய்கறிப் பையும் மட்டும் பார்த்த விரல்களில் திடீரென உடம்பின் எடையைத் தொங்கவிட்டால் மறுநாள் இறுகத்தான் செய்யும். இரண்டு கையிலும், எல்லா விரலிலும் பொதுவாக இருந்து, அரை மணி நேரத்தில் விட்டுப்போனால் பெரும்பாலும் அது பழக்கமில்லாத வேலையின் அலுப்புதான். இருபத்தைந்து வயதுக்காரருக்கும் வரும். அவர் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஏறும்போது ஒரு விரலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, அந்த விரல் வீங்கினால். மோதிர விரலோ நடுவிரலோ உள்ளங்கையோடு சேரும் பக்கத்தில், ஓர் இடத்தை மட்டும் அழுத்தினால் சுரீர் என்றால். மடக்கிய விரல் பாதியில் சிக்கிக்கொண்டு, பிறகு 'டக்' என்று விடுபட்டால். அல்லது ஏறாத நாளிலும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும் வீக்கமும் இருந்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால். கடைசியாகச் சொன்னதற்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம், மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவருக்குப் பதில்: இந்த வயதில் ஆரம்பிக்கலாம். நன்றாகவே ஏறலாம். வயது மாற்றுவது வேகத்தை மட்டும்தான். வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி, ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம், அதில் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க. அது போதும். கையால் இழுக்காதீர்கள், காலால் தள்ளுங்கள். விரல் நுனியை மட்டும் மடக்கிக் கவ்விப் பிடிக்கும் சின்னப் பிடிகளை ஒதுக்கிவிட்டுக் கை திறந்தபடி பிடிக்கும் பெரிய பிடிகளில் இருங்கள். கூடத்தின் மூலையில் விரல் பலம் கூட்டுவதற்கான விரல் பலகை இருக்கும், இளைஞர்கள் விரல் நுனியால் அதில் தொங்குவார்கள். முதல் ஓராண்டு அந்தப் பக்கம் போக வேண்டாம். (கணவரையும் ஒருநாள் அழைத்துப் போங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. தேசிய சேவையில் தடைச்சுவர் தாண்டிய நினைப்பிலேயே இருக்கும் நாற்பது வயது ஆண்கள்தான் என்னிடம் தோள்பட்டை வலியோடு வருகிறவர்களில் அதிகம்.)

போல்டரிங்கில் கயிறு கிடையாது. சுவர் நாலைந்து மீட்டர்தான், கீழே தடித்த மெத்தை. அதனால் பயமில்லை என்று நினைக்கிறோம், ஆனால் பெரிய காயங்கள் அந்த மெத்தையில்தான் நடக்கின்றன. கணுக்கால் பிசகும், பின்னால் கையை ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். உச்சியைத் தொட்டதும் குதிக்காதீர்கள், இறங்கி வாருங்கள். தவறி விழுந்தால் முட்டியை மடக்கி இறங்கி, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு முதுகில் உருளுங்கள். இதை முதல் நாளே சொல்லித்தராதவர் உங்களுக்கு வேறு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பணம்.

ஏறத் தொடங்கினால் தசை ஓரிரு மாதத்தில் பலப்படும். நாணும் வளையமும் பலப்படப் பல மாதம் பிடிக்கும். மூன்றாவது நான்காவது மாதத்தில் என்ன ஆகிறது? கைக்குத் தெம்பு வந்துவிட்டது, கூடத்தில் நண்பர்களும் சேர்ந்துவிட்டார்கள், அடுத்த வண்ணத்துக்கு, அதாவது இன்னும் கடினமான பாதைக்கு, தாவுகிறோம், விரல் தயாராக இல்லை. என்னிடம் வரும் புதியவர்களில் பலர் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். வளையத்தில் காயம் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும், சுவரை மறந்துவிட வேண்டும். நீங்கள் பணம் கட்டச் சொல்லப்படுவது இரண்டாவது வாரத்தில். உடம்பு தன் பதிலைச் சொல்வது மூன்றாவது மாதத்துக்கு மேல். ஆறு மாத நுழைவில் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தக் காசு யாருடையது என்று அந்தப் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். முகத்தைக் கவனியுங்கள்.

கேட்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. காயம்பட்டால் நுழைவுச்சீட்டை நிறுத்திவைக்க முடியுமா, அதற்குக் கட்டணம் உண்டா? வகுப்புகளுக்குக் காலாவதித் தேதி உண்டா? மகளுக்கு மாற்றித் தரலாமா? பயிற்றுவிப்பாளர் வேலையைவிட்டுப் போனால் மிச்ச வகுப்பு என்ன ஆகும்? பணம் கூடத்துக்குப் போகிறதா, அவருடைய சொந்தக் கணக்குக்கா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கூடத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் கைப்பேசிக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொல்கிறவர்களை நான் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். பதில்களை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

பலர் நினைக்கிறார்கள், கையெழுத்துப் போட்டாலும் ஐந்து நாளுக்குள் ரத்துச் செய்துவிடலாம் என்று. சட்டம் தரும் அந்த அவகாசம் வீடு தேடி வந்து விற்பது போன்ற சில விற்பனைகளுக்குத்தான். நீங்களே கூடத்துக்கு நடந்துபோய்க் கையெழுத்துப் போட்டால் அது தானாகக் கிடைக்காது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. இதை ஏன் எல்லோருக்கும் பொதுவாக வைக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூடம் மூடிவிட்டால் இன்னும் மோசம், முன்பணம் கட்டியவர்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையின் வால்பகுதியில் நிற்க வேண்டியதுதான். 2016இல் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் உடற்பயிற்சிக் கூடம் இங்கே திடீரென்று மூடப்பட்டபோது உறுப்பினர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை மறந்துவிட்டோமா? கூடம் இயங்கிக்கொண்டே ஏமாற்றினால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனலில் (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்) 20,000 வெள்ளி வரை இரண்டு ஆண்டுக்குள் கோரலாம். வக்கீல் வேண்டாம், ஆனால் வேலைக்கு விடுப்புப் போட்டு அலைய வேண்டும். அதற்கு, கட்டாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே என் பதில்: கட்டாதீர்கள். தொடக்க வகுப்பு ஒன்றுக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுங்கள். அப்புறம் தனித்தனி நுழைவாக, ஒரு தடவைக்கு இருபது முப்பது வெள்ளி, மூன்று மாதம் போங்கள். ஆறு மாத நுழைவோடு ஒப்பிட்டால் ஒரு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரலாம், வரட்டும். மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையாமல், விரலும் ஒத்துழைத்தால், அப்போது பத்து நுழைவுச் சீட்டு வாங்கலாம். "இந்த வாரம் மட்டும்" விலை அப்போதும் இருக்கும்.

உள்ளே போகும் முன் பலகைக் கணினி ஒன்றை நீட்டிப் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். சின்ன எழுத்து ஆங்கிலம், பின்னால் வரிசை, யாரும் படிப்பதில்லை. கையெழுத்துப் போடாமல் விடமாட்டார்கள், போடுங்கள். ஆனால் 'எல்லாம் போச்சு' என்று நினைக்க வேண்டாம். கூடத்தின் அலட்சியத்தால் உயிரோ உடம்போ பாதிக்கப்பட்டால், அந்தப் பொறுப்பைப் படிவம் போட்டுக் கழற்றிவிட நம் சட்டம் இடம் தருவதில்லை. உங்கள் விபத்துக் காப்புறுதியை மட்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சில திட்டங்களில் கயிறு கட்டி ஏறுவதற்கு இழப்பீடு கிடையாது.

விரல் நிஜமாகவே கெட்டால் எங்கே போவது? பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் கட்டணம் குறைவு. ஆனால் அங்கே பரிந்துரை வாங்கி, மருத்துவமனையில் தேதி கிடைப்பதற்குள் விரல் தானாக ஆறியிருக்கும், அல்லது கோணலாக ஆறியிருக்கும். காசு இருந்தால் தனியார் பிசியோதெரபிஸ்ட்டிடம் பரிந்துரை இல்லாமலே போகலாம். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளப் பதிவு வேண்டும், பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். 'அசைவு நிபுணர்', 'உடல்நிலைச் சீரமைப்பாளர்' என்றெல்லாம் அட்டை அடித்துக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். கூடத்துப் பயிற்றுவிப்பாளர் அப்படி ஒருவரிடம் உங்களை அனுப்பினால், அங்கேயும் பத்துத் தடவைக்கு முன்பணம் கேட்பார்கள். விரலைத் தொட்டுப் பார்க்கும் முன்பே எத்தனை தடவை வர வேண்டும் என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களுக்கு நீரிழிவு இருப்பதாக எழுதவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தப் பக்கத்தைப் படிக்கிற வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. சுவரேற்றக் காலணி இறுக்கமாக இருக்கும், விரல்களை நெருக்கிப் பிடிக்கும், அதன் வேலையே அதுதான். நீண்டநாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது, ஈரமான வாடகைக் காலணிக்குள் அது புண்ணாகும், ஆறாது. ஆகவே ஒரு அளவு பெரிய காலணி, உள்ளே மெல்லிய காலுறை, பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் கண்ணால் பாருங்கள், கையால் தடவிப் பார்ப்பது போதாது. உணர்ச்சி ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் இறுக்கக் காலணியே வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஏறும்போது சர்க்கரை தாழ்வது அரிது. இன்சுலினோ கிளிக்லசைடு, கிளிபிசைடு வகை மாத்திரையோ எடுத்தால் தாழலாம், சில சமயம் பல மணி நேரம் கழித்தும். கை நடுங்கி வியர்த்தால் அது பயம் என்று நினைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள், இறங்கி இனிப்பு ஏதாவது குடியுங்கள். வெறும் வயிற்றில் ஏறவே கூடாது. நான் முன்னால் சொன்ன சிக்கிக்கொள்ளும் விரலும் நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும், நாற்பது தாண்டிய பெண்களுக்கும்தான். மருத்துவரிடம் சர்க்கரைக்குப் போகும்போது இந்த விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அப்புறம் நகை. மோதிரத்தோடு ஏறக்கூடாது. பிடியில் மோதிரம் மாட்டிக்கொண்டு உடம்பு கீழே போனால் விரலின் சதையே உரிந்து வரும். நான் மிகைப்படுத்தவில்லை. வளையல், மெட்டி, எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவையுங்கள். இறுக்கக் காலணிக்குள் மெட்டி இருந்தால் பக்கத்து விரலை அறுக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லை என்றால் கழுத்தை ஒட்டிய சட்டைக்குள் விட்டு, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். கழற்றிவிடுவதே நல்லது, மாமியாரிடம் என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

மகளோடு கயிற்றில் ஏறவும் ஆசை வரும், வரட்டும். விழுந்தால் கயிறு தாங்கும் என்பதால் உங்கள் வயதுக்கு அதுவே தோது என்பேன். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, எஸ்என்சிஎஸ் (சிங்கப்பூர்த் தேசியச் சுவரேற்றத் தரநிலை) முதல் நிலை என்பார்கள். சான்றிதழ் இருந்தாலும் கூடம் தன் பங்குக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்கும், அதில் சலித்துக்கொள்ளாதீர்கள். ஆள் பிடிக்காமல் தானே தாங்கி இறக்கும் தானியங்கிக் கயிறு இருக்கும் சுவரில் ஏறினால், கொக்கியை மாட்டினோமா என்று தரையிலேயே தொட்டுப் பாருங்கள். அனுபவசாலிகளே மாட்ட மறந்து ஏறி விழுந்திருக்கிறார்கள். மகள் கீழே கயிறு பிடிக்க, நீங்கள் மேலே ஏறுவதாக இருந்தால், அந்த வயதில் பிடிக்க அனுமதி உண்டா என்று கூடத்தைக் கேளுங்கள். இருவர் எடையையும் சொல்லுங்கள். நீங்கள் அவளைவிட நல்ல கனமாக இருந்து கைவிட்டால் அவள் தரையிலிருந்து மேலே இழுக்கப்படுவாள். அவளைத் தரைக் கொக்கியோடோ மணல் மூட்டையோடோ இணைத்துவிடச் சொல்லுங்கள், கேட்டால் செய்து தருவார்கள்.