எல்லை தாண்டி வரும் ஏஐக்கு எந்த ஊர்ச் சட்டம்? – கேள்வி பதில்

செயற்கை நுண்ணறிவையும் (ஏஐ) நாடு கடந்த சட்டங்களையும் பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் ராமநாதபுரத்தில் வக்கீல். என் வீட்டில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள்.

கீழக்கரை, இல்லத்தரசி: துபாயில் இருக்கும் என் தம்பியின் குரலிலேயே அழைப்பு வந்தது. அவசரம் என்றதும் 40,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். அவன் அழைக்கவே இல்லையாம். எந்த நாட்டுக்காரன் செய்தான் என்றே தெரியாதபோது இங்கே புகார் கொடுத்து என்ன பயன்?

பயன் உண்டு அம்மா. அது ஏஐ நகலெடுத்த குரலாக இருக்கலாம். முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். குற்றவாளி வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியாவில் உள்ள கணினியோ வலையமைப்போ அந்தக் குற்றத்தில் சம்பந்தப்பட்டிருந்தால் நம் சட்டம் பாயும் என்கிறது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 75ஆம் பிரிவு. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்கு 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

சட்டம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கை போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. அமீரகத்தோடு 1999இல் கையெழுத்தான குற்றவாளி ஒப்படைப்பு ஒப்பந்தம் நமக்கு இருக்கிறது. ஆனால் அழைத்தவன் வேறெங்காவது இருந்தால், சான்று கேட்டு அரசுக்கு அரசு கடிதம் போக வேண்டும். அதற்குள் பதிவுகள் அழிந்துபோகும். 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற சைபர் குற்ற உடன்படிக்கையும் 40 நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும். எனவே அழைப்பு விவரம், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம், மென்பொருள் செய்பவர்: நண்டைக் கேமராவில் பார்த்துத் தரம் பிரிக்கும் மென்பொருளை ஐரோப்பிய ஆலைக்கு விற்கிறேன். அவர்கள் சட்டம் என்னை ஏன் கட்ட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வயது நூறு ஆகிறது, தம்பி. 1926இல் நடுக்கடலில் லோட்டஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மோதி, துருக்கிக் கப்பல் மூழ்கியது. எட்டுத் துருக்கியர் இறந்தார்கள். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரிக்கலாமா? பாதிப்பு துருக்கிக் கப்பலில் நிகழ்ந்ததால் விசாரிக்கலாம் என்று 1927இல் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது. நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் வாக்கால் வந்த தீர்ப்பு அது. கப்பல் மோதலுக்கான விதி பின்னாளில் மாறிவிட்டது. செயல் எங்கே தொடங்கியது என்பதோடு எங்கே போய் விழுந்தது என்றும் பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டமும் அப்படித்தான்: விற்பவர் எந்த நாட்டில் இருந்தாலும், பொருள் அங்கே சந்தைக்கு வந்தால் கட்டும்.

நண்டுக்கு அந்தச் சட்டத்தில் பெரிய கெடுபிடி இல்லை. அதே கேமராவைத் திருப்பி, நண்டு உடைக்கும் பெண்களின் முகத்தில் கோபமா சலிப்பா என்று அந்த ஆலை அவர்களின் மனநிலையை அளந்தால், 2025 பிப்ரவரி 2 முதல் அது தடைசெய்யப்பட்ட செயல். அபராதம் 3.5 கோடி யூரோ வரை, பெரிய நிறுவனமானால் உலக விற்றுமுதலில் 7 சதவீதம் வரைகூடப் போகலாம். அப்படி மாற்றித் தரச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

தொண்டி, மாணவர்: உலகம் முழுமைக்கும் ஒரே ஏஐ சட்டம் உண்டா?

இல்லை. ஐரோப்பிய மன்றத்தின் (இது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, வேறு அமைப்பு) ஏஐ உடன்படிக்கை 2024 செப்டம்பர் 5 அன்று வில்னியஸ் நகரில் கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. அதுவும் சேர்ந்த நாடுகளை மட்டுமே கட்டும்.

ஏர்வாடி, வேலை தேடுபவர்: ஜெர்மனி ஓட்டல் வேலைக்கு விண்ணப்பித்தேன். இரண்டே நிமிடத்தில் நிராகரிப்பு வந்தது. மனிதர் யாரும் படித்திருக்க முடியாது.

எழுதிக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி, 22ஆம் பிரிவு: முழுக்க இயந்திரமே எடுத்த முக்கிய முடிவை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. நிறுவனம் அங்கே இருந்தால் போதும். நீங்கள் ஏர்வாடியில் இருப்பது தடையில்லை.

உச்சிப்புளி, வீட்டிலிருந்து வேலை செய்பவர்: பனி கொட்டும் ஏதோ ஊரின் தெருப் படங்களில், நடப்பவர்களைச் சுற்றிக் கட்டம் போட்டு 'மனிதர்' என்று குறிக்கிறேன். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. எனக்கு எந்தச் சட்டம்?

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அம்மா. ஏஐக்குப் பயிற்சி தரும் இந்தத் தரவு சரியாகக் குறிக்கப்பட்டதா என்று ஐரோப்பிய ஏஐ சட்டம் அக்கறையோடு கேட்கிறது. குறித்தவருக்கு என்ன கூலி என்று கேட்கவில்லை. வெளிநாட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில், வெளிநாட்டில் உள்ளவர்களின் தரவை இங்கே கையாளும் வேலைக்கு நம் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பல கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. மிஞ்சுவது உங்கள் ஒப்பந்தம். அதில் 'தகராறு எந்த ஊர் நீதிமன்றத்துக்கு' என்ற வரியைத் தேடுங்கள். கடல் தாண்டிய ஊர் இருந்தால், கூலி பாக்கி சேர விடாதீர்கள்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: நாளை ஏஐ கேமரா பார்த்து 'எல்லை தாண்டினான்' என்று சொன்னால் அதை எதிர்த்துப் பேச முடியுமா?

அண்ணே, எல்லைக் கோடு இலங்கையோடு செய்த 1974, 1976 ஒப்பந்தங்களில் இருக்கிறது. அந்தக் கோட்டில் படகைப் பார்க்கும் இயந்திரத்துக்கு விதி இல்லை. ராணுவ, தேசப் பாதுகாப்புப் பயன்பாட்டை ஐரோப்பிய ஏஐ சட்டமே தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. இயந்திரம் சொன்னதை இயந்திரச் சான்றால்தான் மறுக்க வேண்டியிருக்கும். கரை சேர்ந்ததும் ஜிபிஎஸ் தடத்தை அழித்துவிட்டு அடுத்த தடவை கடலுக்குப் போகிறோமே, அந்தப் பழக்கத்தை விடுங்கள். தேதி போட்டு நகல் எடுத்து, ஒன்றைக் கரையில் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.