ஃபிராங்கி நக்கிள்ஸ்: ஹவுஸ் இசை பிறந்த கதை (கேள்வி பதில்)

போன வாரம் நடன இசையைப் பற்றிப் பேசும்போது ஃபிராங்கி நக்கிள்ஸ் பெயரைச் சொன்னேன். யார் அவர் என்று வரிசையாகக் கேள்விகள் வந்துவிட்டன. சிகாகோ கிளப்புகளில் ரெகார்டு போட்டு மக்களை ஆடவைத்த டி.ஜே. அவர்; 'ஹவுஸ்' என்ற நடன இசை பிறந்தது அவரைச் சுற்றித்தான். இருபது வருடமாக அவருடைய ரெகார்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, கோவை: ஹவுஸ் என்றால் வீடு. வீட்டுக்கும் இந்த இசைக்கும் என்ன சம்பந்தம் அண்ணா?

வீட்டுக்குச் சம்பந்தமில்லை அம்மா, கிடங்குக்குத்தான் சம்பந்தம். சிகாகோவில் 206, சவுத் ஜெஃபர்சன் தெருவில் மூன்று மாடியில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். அதில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் நடத்திய கிளப்பின் பெயர் 'வேர்ஹவுஸ்', அதாவது கிடங்கு. 1977ல் நியூயார்க்கிலிருந்து வந்து அங்கே பாட்டுப் போட ஆரம்பித்தவர் நக்கிள்ஸ். முதலில் அந்த வேலைக்குக் கூப்பிட்டது அவருடைய பால்ய நண்பர் லேரி லெவனை. அவர் நியூயார்க்கை விட்டு வரமாட்டேன் என்றதால்தான் வாய்ப்பு இவருக்கு வந்தது.

வேர்ஹவுஸில் கேட்ட பாட்டு வேண்டும் என்று பையன்கள் ரெகார்டு கடைகளில் போய் நிற்பார்கள். கடைக்காரர்கள் அந்தத் தட்டுகளைத் தனியாக அடுக்கி, 'வேர்ஹவுஸில் கேட்டது' என்று எழுதி வைத்தார்கள். எழுத்து சுருங்கிச் சுருங்கி 'ஹவுஸ்' மட்டும் மிஞ்சியது. நக்கிள்ஸ் வேறொன்றும் சொல்வார். 1981ல் காரில் போகும்போது, ஒரு மதுக்கடை ஜன்னலில் 'இங்கே ஹவுஸ் மியூசிக்' என்று எழுதியிருந்ததாம். அதென்ன என்று கேட்டவரிடம், "நீ வேர்ஹவுஸில் போடுகிறாயே, அதுதான்" என்றார் கூட வந்த நண்பர். தன் இசைக்குப் பெயர் வந்துவிட்டது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மிருதங்கம் வாசிக்கும் ஒருவர், தஞ்சாவூர்: கோபித்துக்கொள்ளாதீர்கள் சார். அடுத்தவர் பாட்டைப் போடுகிறவரை இசைக்கலைஞர் என்று எப்படிச் சொல்வது?

கோபம் ஏதும் இல்லை. நானும் முதலில் இதைத்தான் கேட்டேன்.

ஒரு டிஸ்கோ பாட்டு நாலு நிமிடம் ஓடும். அதில் பாடகர் ஒதுங்கி, டிரம்மும் பாஸும் மட்டும் தனியாக நிற்கும் இடம் பத்து நொடிகூட வராது. ஆடுகிறவர்களுக்கு உயிரே அந்தப் பத்து நொடிதான். நக்கிள்ஸ் அதை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். பாட்டை ஸ்பூல் டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி, ஒட்டவேண்டும். சவுண்ட் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு நண்பர் இதில் அவருக்குத் துணை.

கணக்கைப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழுகிற பாட்டு. டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது. அப்படியானால் ஒரு தாள அடிக்கு ஏழரை அங்குலம். நாலு தாள அடி சேர்ந்த ஒரு சுற்றுக்கு 30 அங்குலம். எட்டுச் சுற்று நீட்டவேண்டும் என்றால் 20 அடி நீளத்துக்கு டேப் தரையில் கிடக்கும். கையால் ஸ்பூலை முன்னும் பின்னும் மெல்ல உருட்டி, 'தும்' என்று கிக் (பெரிய டிரம்மின் அடி) விழும் முனையைக் காதால் பிடித்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு, சாய்வாக வெட்டவேண்டும். அரை அங்குலம் தவறினாலே தாளம் தடுக்கி விழும். ஒரு பழைய மெஷினில் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஒட்டுக்கு ஒரு மதியம் போனது. அவர் வாராவாரம் சனிக்கிழமைக்குள் செய்து முடித்துக் கொண்டுபோனார். தாளம் கையில் இல்லாதவரால் இது முடியாது. உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கல்யாண வீடுகளுக்கு சவுண்ட் போடுபவர், சேலம்: கருவி என்னென்ன வைத்திருந்தார்?

இரண்டு ரெகார்டு பிளேயர், ஒரு மிக்சர், ஸ்பூல் டேப் மெஷின். பிறகு ரோலண்ட் டி.ஆர்.909 டிரம் மெஷின். டெட்ராய்ட்டில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையை வளர்த்த டெரிக் மே பணமுடையில் விற்றதை வாங்கினார். ஓடுகிற பாட்டுக்கு அடியில் 909ன் கிக்கைச் சேர்த்துவிடுவார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும்வரை அந்த அடி நிற்காது, அதனால் ஆடுகிறவர்களும் நிற்கமாட்டார்கள்.

ஆசிரியை, திருச்சி: அங்கே யார் வந்தார்கள்? பணக்காரர்களா?

இல்லை அக்கா. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அதிலும் தன்பாலீர்ப்பாளர்கள். நிறத்தால் ஒரு பக்கம், காதலால் இன்னொரு பக்கம் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். நக்கிள்ஸும் அவர்களில் ஒருவர். மது கிடையாது, ஜூஸ்தான். சனி இரவு தொடங்கினால் ஞாயிறு மதியம் வரைக்கும் போகும்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவில், கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், பெட்டி நிறைய டிஸ்கோ ரெகார்டுகளை நடுவில் வைத்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து, அன்று நடக்கவேண்டிய இரண்டாவது ஆட்டமே நடக்காமல் போனது. டிஸ்கோ யாருடைய இசை என்று தெரிந்தவர்களுக்கு அந்த வெறுப்பு யார்மேல் என்றும் தெரிந்தது. பெரிய கம்பெனிகள் டிஸ்கோ வெளியிடுவதைக் குறைத்துவிட்டன. புதுப் பாட்டு வரத்து குறைந்தபோது, இருக்கிற பாட்டையே வெட்டி ஒட்டிப் புதிதாக்கிக் கொடுத்தார் நக்கிள்ஸ். வேர்ஹவுஸைத் தன் மக்களின் தேவாலயம் என்றே அவர் சொல்வார். அந்தச் சொல் எனக்கு மிகையாகப் படவில்லை. வாரத்தில் ஒரு இரவாவது பயமில்லாமல் இருக்க இடம் கிடைத்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

பெயர் வேண்டாம் என்றவர், சென்னை: 'யுவர் லவ்' பாட்டு அவர் பாடியதா?

இல்லை. எழுதியதும் பாடியதும் ஜேமி பிரின்சிபிள். அதன் டேப்பை நக்கிள்ஸ் தன் 'பவர் பிளான்ட்' கிளப்பில் போட்டுப் போட்டே ஊரறியச் செய்தார், தயாரிப்பிலும் கைகொடுத்தார். (வேர்ஹவுஸில் நுழைவுக் கட்டணத்தை ஏற்றியபோது அங்கிருந்து விலகித் தொடங்கிய கிளப் அது.) 1987ல் வந்த ரெகார்டிலோ நக்கிள்ஸ் பெயர்தான் இருந்தது. பிரின்சிபிள் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பேசுவது நியாயமில்லை.

ஐடி ஊழியர், பெங்களூரு: பெரிய விருது எதுவும்?

சிறந்த ரீமிக்ஸருக்கான கிராமி விருதை முதன்முதலில் வாங்கியவர் அவர்தான், 1998ல். அதற்குள் நியூயார்க் திரும்பி, டேவிட் மொராலஸோடு டெஃப் மிக்ஸ் குழுவில் சேர்ந்து, சக்கா கான், மைக்கேல் ஜாக்சன் பாடல்களையெல்லாம் ரீமிக்ஸ் செய்திருந்தார்.

செவிலியர், மதுரை: சர்க்கரை நோயால் இறந்தார் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

அவருக்கு டைப் 2 சர்க்கரை நோய் இருந்தது. முன்பு பனிச்சறுக்கில் காலில் எலும்பு முறிந்திருந்தது. அதே காலில் எலும்புத் தொற்று வந்து, 2008ல் பாதத்தை எடுக்கவேண்டியதாயிற்று. அதற்கு முன் சிகிச்சைக்காக ஓய்வெடுக்க அவர் மனம் வைத்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. செயற்கைக் காலோடு மேடையேறிக்கொண்டே இருந்தார். 2014 மார்ச் 31 அன்று சிகாகோவில் இறந்தார். வயது 59. சர்க்கரை நோயின் சிக்கல்கள்தான் காரணம்.

வரலாறு படிக்கும் மாணவர், யாழ்ப்பாணம்: அந்தக் கட்டடம் இப்போது இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது. 2023ல் சிகாகோ நகரமே அதைப் பாதுகாக்கப்பட்ட அடையாளச் சின்னமாக அறிவித்தது. அந்தத் தெருவின் ஒரு பகுதிக்கு 2004லேயே அவர் பெயர் வைத்தாகிவிட்டது. அப்போது இல்லினாய் மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா அதற்கு உதவினார். நக்கிள்ஸின் ரெகார்டுகள், ஆயிரக்கணக்கில், சிகாகோ தென்பகுதியில் ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்க் என்ற பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கின்றன.

மறுபடியும் தஞ்சாவூர்க்காரர்: சரி சார், ஒரே ஒரு பாட்டு சொல்லுங்கள். எதிலிருந்து ஆரம்பிக்க?

'தி விசில் சாங்', 1991. குழல்போல ஒரு சின்ன மெட்டு, அடியில் அவசரமே இல்லாத நடை. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், பாஸ் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு, கிக்கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே போங்கள். கை எங்கே தானாக மெதுவாகிறது, எங்கே தானாக அழுத்துகிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.