சொல்வது கடைசி வேலை

கேள்வி: மதுரைக்காரி நான். பெங்களூருவில் பி.ஜி.யில் தங்கி எம்.காம். படிக்கிறேன். ஒரு வருடமாகக் காதலிப்பவருக்கு என் பாஸ்வேர்டெல்லாம் தெரியும். லொகேஷன் எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்பார். போன மாதம் அறைந்தார். பிரியலாம் என்றால், அந்தரங்கப் படங்களை அப்பாவுக்கு அனுப்புவேன் என்கிறார். 'பொசசிவ்டி, உன்மேல உயிரு' என்கிறார்கள் தோழிகள். என்ன செய்ய?

பதில்: அறைந்தால் தப்பு என்று கல்லூரியில் எல்லோரும் சொல்வார்கள். பாஸ்வேர்டு கேட்டால் அக்கறை என்பார்கள். அங்கேதான் பிசகுகிறது. யாரிடம் பேசினாய், எங்கே போனாய் என்று கணக்குக் கேட்கிறவருக்கு, கணக்கு உதைக்கும்போதுதான் கை நீளும். கழுத்தை நெரித்திருந்தால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிரிகிறேன் என்று சொன்ன நாளும் அடுத்த சில வாரங்களும்தான் ஆபத்து கூடும் காலம். ஆகவே அவரிடம் சொல்வதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆதாரம். மிரட்டிய செய்திகளை, அவர் எண்ணும் தேதியும் தெரியும்படி, தோழியின் போனால் படமெடுத்து அவளிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் போனிலிருந்து அனுப்பினால் அவர் கண்ணில் படலாம். ஆத்திரத்தில் அந்த உரையாடலை அழித்துவிட வேண்டாம்; மூலச் செய்தி உள்ள போன்தான் வழக்கில் வலுவான சான்று.

அடுத்து கணக்குகள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாத கருவியை வெளியேற்றுங்கள். கூகுள் பாஸ்வேர்டோடு மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் மாற்றுங்கள். அங்கே அவர் எண் இருந்தால் புதுப் பாஸ்வேர்டு வீண். இதையெல்லாம் பிரியும் அன்றே ஒரே மூச்சில் செய்யுங்கள். இன்றே லொகேஷனை அணைத்தால் இன்றே சண்டை வரும்.

படங்களுக்கு: ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) தளம், படம் உங்கள் போனைவிட்டு வெளியேறாமலே அதன் டிஜிட்டல் ரேகையை எடுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் அது ஏறுவதைத் தடுக்க உதவும். அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு நேராக அனுப்புவதை அதனால் தடுக்க முடியாது. அதனால் அத்தையோ அக்காவோ, நீங்கள் நம்பும் ஒருவர் மூலம் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. கஷ்டம்தான், ஆனால் அவர் மிரட்டல் அத்தோடு பாதி செத்துவிடும்.

பிரிவை ஒரே செய்தியில் சொல்லி முடியுங்கள். 'கடைசியா ஒரு தடவை பார்க்கணும்' என்றால் போகாதீர்கள். அவரிடம் இருக்கும் பொருளை வேறொருவர் வாங்கி வரட்டும். பி.ஜி. காவலாளியிடமும் சொல்லிவையுங்கள்.

அனுமதியின்றி அந்தரங்கப் படத்தைப் பரப்பினால் ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. மிரட்டலுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 351, பின்தொடர்ந்தால் பிரிவு 78. 'எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையம் திருப்பியனுப்பக் கூடாது, எந்த நிலையத்திலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். கன்னடம் தெரிந்த தோழி கூட வந்தால் பேச எளிது. அவரும் அதே கல்லூரி என்றால், பாலியல் தொல்லைக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிகளின்படி உள் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

அடிக்க வந்தால் 112. பெண்கள் உதவிக்கு 181. இரவில் மனசு தாங்காவிட்டால் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.