லயத்தைக் கேளுங்கள், டீச்சர்

கேள்வி: இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்து மண்சரிவில் வீடிழந்தவர்களின் வாய்மொழிக் கதைகளைப் பதிந்து வைக்க ஆசை. "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால், பத்திரிகைக்குச் சொன்ன அதே நாலு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எப்படித் தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, ஹல்துமுல்லை

பதில்: டீச்சர், அந்த நாலு வரியை மண்சரிவு நடந்த 2014 ஒக்டோபர் 29இல் இருந்து சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் அவர்கள். மகல்தெனிய தேயிலை ஃபெக்டரியில் தங்கியிருந்த காலத்தில் கமராவுக்குச் சொன்னார்கள், வந்துபோன பெரிய மனிதர்களுக்குச் சொன்னார்கள். நீங்களும் அதையே கேட்டால் அதே பதில்தான் வரும்.

மண்சரிவை விடுங்கள், லயத்தைக் கேளுங்கள், அதாவது அவர்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளை. தண்ணி பிடிக்கும் பீலி எந்தப் பக்கம்? பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போக எது குறுக்குவழி? பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளைகளைப் பார்த்தது யார்? பெரிய தாள் ஒன்றைக் கொடுத்து, லயத்தைக் காம்பரா காம்பராவாக (அறை அறையாக) வரையச் சொல்லுங்கள். "அது மேல் லயமில்ல, பணிய லயம்" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சண்டை பிடிப்பார். பிடிக்கட்டும், இருவரையும் பதியுங்கள். அந்தக் காலை கொழுந்து பறிக்கப் போனவர் யார், வீட்டில் நின்றவர் யார் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருந்தே பேச்சாக வந்துவிடும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "சொல்லியும் எழும்பிப் போகவில்லை" என்று அப்புறம் பழி மட்டும் தொழிலாளர் தலையில் விழுந்தது. யார் வந்து சொன்னார்கள், எங்கே போகச் சொன்னார்கள், போவதற்குக் காணி காட்டினார்களா? 2016இல் மகல்தெனியவில் 75 வீடுகள் கொடுத்தார்களே, அது முன்னமே ஏன் நடக்கவில்லை? இதற்கு அவர்களிடம் பதில் இருக்கும். இதுவரை கேட்டவர்கள்தான் குறைவு.

ஐப்பசி மழையில் போகாதீர்கள். அந்த மாதம் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், தகரத்தில் மழை விழுந்தால் ஃபோனில் குரலும் எடுபடாது. பதியலாமா என்று தொடக்கத்தில் ஒருமுறை, பேசி முடித்த பிறகு இன்னொருமுறை கேளுங்கள். "அந்த இடத்தை வெட்டிடுங்க டீச்சர்" என்றால் வெட்டிவிடுங்கள், வாதாட வேண்டாம். ஒரு பிரதி அந்த வீட்டுப் பேரப்பிள்ளையின் ஃபோனில் ஏற வேண்டும். உங்களிடம் இருப்பதை இரண்டு இடத்தில் வையுங்கள். திகதியும் லயமும் எழுதி வைத்தால் போதும், பெயரைப் போடுவதா என்பதை அவர்களே சொல்லட்டும்.